ஏற்காடு மூன்று நாள் களப்பயிற்சி: 6,500 ரூபாய் எந்த இடத்தில் தேறுகிறது

சேலம் மாவட்டத்தில் விவசாய ஆலோசனை சொல்கிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. சேர்வராயன் மலைமேல் காப்பித் தோட்டத்து மண்ணின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு; ஏழு நடுநிலை) ஐந்து, ஐந்தரை என்று நிற்கும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, வாழப்பாடிப் பக்கம் ஒரு குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டில் குழி தோண்டினால் அதே அளவு எட்டைத் தொடும். இடையில் இருப்பது ஒரு பஸ் டிக்கெட் தூரம்தான். இரண்டு மண்ணுக்கும் ஒரே சிபாரிசை எழுதிக் கொடுத்துவிட்டு நகர்கிற ஆட்கள் நம்மிடையே குறைவில்லை.

இந்த வித்தியாசத்தையே பாடமாக வைத்து ஏற்காட்டில் ஒரு தனியார் அமைப்பு மூன்று நாள் களப்பயிற்சி நடத்துகிறது. மண், நீர், பயிர்ப் பாதுகாப்பு மூன்றும் உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் களப்பணியாளர்கள், உரக்கடைக்காரர்கள், எஸ்டேட் ரைட்டர்கள், நீர்வடிப்பகுதி வேலை பார்க்கும் தொண்டு நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கானது. தலைக்கு 6,500 ரூபாய். இரண்டு இரவுத் தங்கல், சாப்பாடு, மூன்றாம் நாள் சமவெளிக்கு வேன் எல்லாம் அதில் அடக்கம். குறைகளும் வரப்போவதால் நடத்துகிறவர்களின் பெயரைப் போடவில்லை.

முதல் நாள் முற்பகல் வீண். பிற்பகல் பரவாயில்லை. இரண்டாம் நாள் ஒன்றுக்கே கட்டணம் தேறிவிடும். மூன்றாம் நாள் விஷயம் உள்ள நாள், ஆனால் ஓட்டமாய் ஓடுகிறார்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது, குளிருக்குக் கம்பளி கேட்டால் தருகிறார்கள், வெந்நீருக்கு வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு மேல் அந்தப் பக்கத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

முதல் நாள் முற்பகல் மூன்று மணி நேரம் திரையில் படம் போட்டே போகிறது. தலைப்பு பருவநிலை மாற்றம். படங்கள் ஆங்கிலத்தில், வரைபடங்கள் வேறு தேசத்தவை. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் தினமும் மழையைப் பார்த்து மருந்து நாள் குறிக்கிறவர்கள். அவர்களுக்கு ஒரு மழைமானியை எப்படி நடுவது என்று காட்டியிருந்தால் போதும். பக்கத்து மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும், தினமும் காலை 8.30-க்கு அளவெடுக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். அரை மணி நேரப் பாடம் இது. சில்வர் ஓக் நிழலுக்குள் மழைமானி வைத்திருக்கும் தோட்டங்கள் உண்டு. அவை அளப்பது மழையை அல்ல, இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரை.

பிற்பகல் தோட்டத்துக்குள் இறங்கி மண் மாதிரி எடுக்கிறார்கள். இங்கே பயிற்சியாளரின் கை நன்றாகப் பேசுகிறது. நெல், கடலைக்கு 15 செ.மீ. ஆழம். குச்சிக்கிழங்கு, கரும்பு, வாழை, காய்கறிக்கு 22 செ.மீ. மரப்பயிர், தோட்டப்பயிருக்கு 30, 60, 90 என்று மூன்று ஆழத்தில் தனித்தனி மாதிரி. ஒரு பகுதிக்குப் பத்துப் பதினைந்து இடம், குறுக்கும் நெடுக்குமாக. ‘வி’ வடிவத்தில் குழி வெட்டி, பக்கச் சுவரை மேலிருந்து கீழ் ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுபோல் தோன்றும். ஆனால் செய்து பார்க்கச் சொன்னதும் பத்தில் ஏழு பேர் மேலே அதிகமும் கீழே குறைவுமாகச் சீவினார்கள். மேல்மண் கூடிப்போனால் மணிச்சத்தும் கரிமமும் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

காப்பிக் காட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. நிழல்மரத்துச் சருகு ஆண்டு முழுக்க விழுந்து, அடியில் பாதி மக்கிய அடுக்கு ஒன்று மெத்தைபோல் கிடக்கும். கால் வைத்தால் அமுங்கும். அதுவும் கறுப்பாக, மண் மாதிரியே இருப்பதால் பலர் அதையும் சேர்த்துச் சீவிவிடுகிறார்கள். அப்படி எடுத்தால் அங்ககக் கரிமம் தாராளமாகக் காட்டும், ‘தழைச்சத்து குறைத்துக்கொள்ளலாம்’ என்று சிபாரிசு வரும், செடி வெளுக்கும். பயிற்சியாளர் அந்த அடுக்கை விரலால் பிரித்துக் காட்டி, விரல் இடுக்கில் தேய்த்தால் மணல் நெருடுகிற இடத்தில்தான் மண் தொடங்குகிறது என்றார். அந்தக் காலை மூன்று மணி நேரத்தையும் இதற்கே கொடுத்திருக்கலாம்.

வாளி விஷயத்தையும் சரியாகப் பிடித்தார்கள். நுண்ணூட்டம் பார்க்க வேண்டிய மாதிரியை நாக முலாம் பூசிய இரும்பு வாளியில் கலக்கினால் துத்தநாகம் வாளியிலிருந்தே வந்துவிடும். பிளாஸ்டிக் பக்கெட்தான் வேண்டும். கால்பங்கிட்டு அரைக் கிலோவாகக் குறைப்பது, நிழலில் உலர்த்துவது, துணிப்பையில் போடுவது எல்லாம் வழக்கம்போல. மலையில் நிழலில் உலர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால், முன்பே உலர்த்திய மாதிரிகளை மறுநாளுக்குத் தயாராக வைத்திருந்தார்கள். சமையல் நிகழ்ச்சி உத்திதான். ஆனாலும் நேரம் மிச்சம்.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயிற்சியின் உயிர்.

மேசைக்கு நான்கு பேர். ஆளுக்கு இரண்டு பீக்கர். ஒன்றில் மலை மண், இன்னொன்றில் சமவெளி மண். 20 கிராம் மண்ணுக்கு 50 மில்லி காய்ச்சி வடித்த நீர், அரை மணி நேரம் விட்டு விட்டுக் கலக்க வேண்டும். பிறகு பி.எச். மீட்டரை விட வேண்டும். அதற்கு முன் மீட்டரைச் சரிக்கட்ட வேண்டும் என்பதில்தான் பாடமே இருக்கிறது. ஏழு பி.எச். கரைசலில் மட்டும் வைத்துத் திருகிவிட்டு வேலையைத் தொடங்குவது களத்தில் பரவலான பழக்கம். அதில் என்ன தப்பு என்பதை எண்ணோடு காட்டினார்கள். நல்ல மின்முனை 25 டிகிரியில் ஒரு பி.எச். அலகுக்கு ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் தர வேண்டும். கிழடு தட்டிய மின்முனை 50 தான் தரும். ஏழில் வைத்தால் ஏழு சரியாகவே காட்டும். ஏழிலிருந்து விலக விலகப் பிழை கூடும். உண்மையில் 5.2 உள்ள மண்ணை 5.5 என்று சொல்லும். அதனால் மலை மண்ணுக்கு 7-ம் 4-ம், சமவெளி மண்ணுக்கு 7-ம் 9.2-ம் என்று இரண்டு புள்ளியில் கட்ட வேண்டும்.

எல்லாரும் கட்டினார்கள். ஒரு மேசையில் மட்டும் 9.2 கரைசலில் எண் ஏறவே இல்லை, ஒன்பதுக்குக் கீழேயே நின்றது. மீட்டரைக் குறை சொன்னார்கள். குறை பாட்டிலில் இருந்தது. மூடி திறந்தே கிடந்த காரக் கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். புதுப் பொட்டலம் கரைத்ததும் சரியானது. திட்டமிட்டு வைத்த பாடமா, தற்செயலா என்று தெரியவில்லை. எதுவானாலும் அன்று எல்லாருக்கும் மனத்தில் பதிந்தது இதுதான்.

மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைக்கக் கூடாது, மூன்று மோலார் பொட்டாசியம் குளோரைடில்தான் வைக்க வேண்டும் என்பதும், களத்தில் காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் பேட்டரித் தண்ணீர் வாங்கினால் முதலில் அதன் ஈ.சி.யை (மின்கடத்துதிறன், கரைந்த உப்பைக் காட்டுவது) பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் காசு கொடுத்துக் கேட்கத் தகுந்த விஷயங்கள். கேன் தண்ணீர் உதவாது. ஈ.சி. மீட்டரைச் சரிக்கட்ட 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு போதும். 25 டிகிரியில் அது 1.413 டெசிசீமன்ஸ் காட்ட வேண்டும்.

அடுத்தது ஆய்வு அறிக்கையைப் படிப்பது. மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரி 19-ல் ராஜஸ்தானில் சூரத்கரில் தொடங்கியது. அட்டையில் 12 அளவுகள் இருக்கும். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், பி.எச்., ஈ.சி., அங்ககக் கரிமம். வந்தவர்களைத் தங்கள் பகுதி அட்டைகளையே கொண்டுவரச் சொல்லியிருந்தது நல்ல ஏற்பாடு. அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75-க்கு மேல் அதிகம் என்பதெல்லாம் அட்டையிலேயே இருக்கும். அட்டையில் இல்லாத கேள்வி ஒன்றை இங்கே கற்றுத் தருகிறார்கள்: மணிச்சத்தை எந்த முறையில் பார்த்தீர்கள்? ஓல்சன் முறை நடுநிலை, கார மண்ணுக்கு உரியது. பி.எச். 8.5 உள்ள சோடியம் பைகார்பனேட் கரைசலில் பிரித்தெடுப்பது. அமில மண்ணுக்கு பிரே முறை. மலையிலிருந்து வந்த மாதிரியும் சமவெளி மாதிரிகளோடு ஒரே வரிசையில் ஓல்சனில் போனால் வருகிற எண்ணை நம்பி உரம் எழுதக் கூடாது. ஆய்வகத்தில் கேட்டால் சொல்வார்கள். யாரும் கேட்பதில்லை, அதுதான் பிரச்சினை.

சுண்ணாம்பு பற்றிய பகுதி இன்னும் நீண்டிருக்கலாம். பி.எச். எண்ணை மட்டும் வைத்து ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று எழுதக் கூடாது, களிமண்ணும் மட்கும் உள்ளே பிடித்துவைத்திருக்கிற அமிலத்தை அந்த எண் காட்டாது, ஆகையால் ஆய்வகத்தில் ‘சுண்ணாம்புத் தேவை’ என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பது வரை சரியாகச் சொன்னார்கள். காப்பிக்கு ஆறு, ஆறரை போதும். சுண்ணாம்பு போட்ட கையோடு யூரியா போட்டால் அமோனியாவாகக் காற்றில் போய்விடும், ஒரு மாத இடைவெளி வேண்டும். சுண்ணாம்பா, டோலமைட்டா என்ற கேள்விக்கு வந்தபோது நேரம் முடிந்துவிட்டது. இந்த மாவட்டத்தில் அது சின்னக் கேள்வி இல்லை. டோலமைட்டில் சுண்ணாம்போடு மக்னீசியமும் இருப்பதால், மக்னீசியம் குறைந்த மலை மண்ணில் அதற்கு வேலை உண்டு. சேலத்தை ஒட்டி சாக் ஹில்ஸ் என்று ஒரு குன்று வரிசை இருக்கிறது. பெயர்தான் சுண்ணாம்பு, உள்ளே இருப்பது மேக்னசைட் என்கிற மக்னீசியத் தாது. அந்தச் சுற்று வட்டாரத்தில் டோலமைட் மூட்டையை இறக்குவது கடலில் உப்பைக் கொட்டுகிற வேலை.

ஒரு சோதனையை மட்டும் செய்து காட்டினார்கள். பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டு விட்டால் சமவெளி மண் பொங்குகிறது, மலை மண் சும்மா இருக்கிறது. அதே அமிலத்தை டோலமைட் கட்டிமேல் விட்டபோது ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. ‘போலி’ என்று ஒருவர் சொல்லிவிட்டார். கட்டியைப் பொடித்து மறுபடி விட்டதும் மெல்ல நுரைத்தது. டோலமைட்டின் குணமே அதுதான், குளிர்ந்த அமிலத்தில் கட்டியாக இருக்கும்போது சோம்பிக் கிடக்கும். கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் பொடித்துப் பார்க்க வேண்டும்.

பிற்பகல் போர்டோ கலவை என்கிற பூஞ்சாண மருந்து. மிளகு வாடலுக்கு ஒரு சதவீதம்: மயில்துத்தம் (தாமிர சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். ஐம்பது ஐம்பது லிட்டராகத் தனித்தனியே கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். சுண்ணாம்பைத் துத்தத்தில் ஊற்றக் கூடாது. ஏன் கூடாது என்பதை இரண்டு கண்ணாடிக் குடுவையில் பக்கத்தில் பக்கத்தில் செய்து காட்டியது அருமை. சரியான முறையில் செய்தது வானநீலமாகப் பால்போல் நிற்கிறது. தலைகீழாகச் செய்தது கால் மணி நேரத்தில் திரிந்து, அடியில் கரடுமுரடான வண்டல் தங்கிவிட்டது. அதைத் தெளிப்பானில் ஊற்றினால் நாசில் அடைக்கும், இலையிலும் ஒட்டாது. அடுத்து ஆணிச் சோதனை. தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பு ஆணியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் தாமிரம் இன்னும் சும்மா திரிகிறது, சுண்ணாம்பு பத்தவில்லை. நான்கு குழுவில் இரண்டு குழுவின் ஆணி சிவந்தது. காரணம், அவர்களுக்குக் கொடுத்த சுண்ணாம்பு காற்றுப்பட்டுப் பொடிந்த பழைய சரக்கு. எடையில் ஒரு கிலோ இருந்தாலும் வேலையில் ஒரு கிலோ இல்லை. சுண்ணாம்புப் பாலைக் கூட்டிக் கூட்டி ஆணி வெளுக்கும்வரை ஊற்ற வைத்தார்கள். கலக்கிய அன்றே அடித்து முடிக்க வேண்டும். பித்தளை, இரும்புப் பாத்திரம் ஆகாது.

இங்கே சுற்றுச்சூழல் பக்கம் பேச வேண்டிய ஒன்று விட்டுப்போயிற்று. தாமிரம் மண்ணில் சிதைவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு அடிக்கிற தோட்டத்தில் அது சேர்ந்துகொண்டேதான் போகும். மண்வள அட்டையில் தாமிரம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பழைய மிளகுத் தோட்டத்தில் ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. காலையில் அட்டை, மாலையில் துத்தம். இரண்டையும் இணைக்கும் ஒரு வாக்கியம் வரவில்லை.

நேரம் மிஞ்சியதில், சரிவில் மட்டக்கோடு குறிக்கிற ஏ-சட்டம் கட்டினார்கள். இரண்டு மீட்டர் கால் இரண்டு, குறுக்குக் கட்டை ஒன்று, உச்சியிலிருந்து தூக்குக்குண்டு. கால்களுக்கு இடையே இரண்டு மீட்டர் அகலம். குறுக்குக் கட்டையில் கயிறு விழும் இடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறித்து, இரண்டுக்கும் நடுவே போடும் கோடுதான் மட்டம். இந்த இடம்மாற்றலைத் தாண்டிவிட்டால் கால் நீளத்தில் உள்ள வித்தியாசம் முழுதும் சரிவில் கோணலாக இறங்கும். வாய்க்காலுக்கு வாட்டம் வேண்டுமென்றால் ஒரு காலின் கீழ் ஒரு செ.மீ. கட்டை. இரண்டு மீட்டருக்கு ஒரு செ.மீ., அதாவது அரை சதவீதம். ஏற்காட்டுக் காற்றில் குண்டு ஆடிக்கொண்டே இருந்ததால் பாதிக் குறிகள் உத்தேசம்தான். குண்டைக் கனமாக்கியிருக்கலாம், அல்லது குறுக்குக் கட்டையில் ரசமட்டம் கட்டிக்கொள்ளலாம். அந்த வழியை யாரும் சொல்லவில்லை.

நீர் உறிஞ்சும் வேகத்தையும் அளந்து காட்டினார்கள். 15 செ.மீ. விட்டமுள்ள வளையத்தை அடித்து இறக்கி 442 மில்லி தண்ணீர் ஊற்றினால் 2.5 செ.மீ. மழைக்குச் சமம். சருகுக்கு அடியில் நிமிடங்களில் காணாமல் போனது. ஆள் நடந்து இறுகிய ஒற்றையடிப் பாதையில் வெகுநேரம் அப்படியே நின்றது.

மூன்றாம் நாள் காலை ஏழுக்கு வேன் இறங்குகிறது. சமவெளியில் குச்சிக்கிழங்கு வயல், ஒரு ஆழ்துளைக் கிணறு, தெளிப்பான் பயிற்சி. மூன்றும் ஒரே நாளில், அதுவும் வெயிலில்.

குச்சிக்கிழங்கு வயலில் மாவுப்பூச்சியை அடையாளம் காண்பதுதான் வேலை. மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் முதலில் தென்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கு வந்தது. நுனிக் குருத்து சுருண்டு, கணுக்கள் நெருங்கி, முட்டைக்கோஸ் போலக் கொத்தாகிவிடும். உடல் இளஞ்சிவப்பு, மேலே வெள்ளைப் பொடி. 2008-ல் கோவையில் பதிவான பப்பாளி மாவுப்பூச்சியும் இதே செடியில் வரும். அதன் உடல் மஞ்சள். இந்த நிற வித்தியாசத்தைப் பார்க்கக் கைலென்ஸ் வேண்டும். இருபத்தெட்டுப் பேருக்கு மூன்று லென்ஸ் கொடுத்தார்கள். பத்து மடங்கு பெருக்குகிற லென்ஸ் பெரிய விலை இல்லை. 6,500 வாங்குகிற இடத்தில் ஆளுக்கு ஒன்று கொடுத்து, வீட்டுக்கும் எடுத்துப்போகச் சொல்லியிருக்க வேண்டும்.

பூச்சியைவிட முக்கியம் அதைத் தின்னும் குளவி. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தது. 2022-ல் நம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதை வெளியிட்டார்கள். குளவி முட்டையிட்ட மாவுப்பூச்சி உப்பி, பழுப்பாகி, தோல் கெட்டித்து ‘மம்மி’யாகிவிடும். வயலில் மம்மியை எண்ணத் தெரிந்தவர் மருந்தடிக்கச் சொல்லுமுன் ஒரு முறை யோசிப்பார். தெரியாதவர் அடிக்கச் சொல்லிவிட்டுப் போவார், பூச்சி திரும்ப வரும், குளவி வராது. பயிற்சியாளர் இதை நன்றாக விளக்கினார். ஆனால் ஒவ்வொருவரும் தாங்களாகவே ஒரு மம்மியைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை நிறுத்திவைக்கவில்லை. நாலைந்து பேர் கண்டார்கள், மற்றவர்கள் ‘ஆமாம் ஆமாம்’ என்று தலையாட்டினார்கள். வேன் ஹாரன் அடித்தது.

கிணற்றுத் தண்ணீர்ப் பாடம் சுருக்கம், கச்சிதம். மோட்டாரை 15, 20 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று தடவை அலசி, காற்று நிற்காமல் நிரப்ப வேண்டும். அறிக்கையில் எஞ்சிய சோடியம் கார்பனேட்டைப் பார்க்கிற விதம்: கார்பனேட், பைகார்பனேட் கூட்டுத் தொகையிலிருந்து கால்சியம், மக்னீசியம் கூட்டுத் தொகையைக் கழிக்க வேண்டும். லிட்டருக்கு மில்லி ஈக்விவலென்ட் கணக்கில் 1.25-க்குள் பயமில்லை, 2.5-க்கு மேல் ஆகாது. ஒரு கணக்குக் கொடுத்தார்கள். பைகார்பனேட் வகை 7, கால்சியம் 1, மக்னீசியம் 4. மிச்சம் 2. இரண்டுங்கெட்டான், சமாளிக்கலாம் என்று எல்லாரும் எழுதினார்கள். கால்சியத்தைப்போல் மக்னீசியம் நான்கு மடங்கு இருப்பதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. மேக்னசைட் பூமியான சேலத்தில் வேலை பார்க்கிறவர் அந்த இரண்டு எண்ணையும் கூட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

தெளிப்பான் அளவீடு எளிது. 5 மீட்டருக்கு 20 மீட்டர் கயிறு கட்டி, வெறும் தண்ணீரை அடித்து, செலவான லிட்டரை 40-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. ஒருவருக்கு மூன்று லிட்டர், இன்னொருவருக்கு ஏழு. ஏக்கருக்கு 120-ம் 280-ம். இருவருமே ‘லிட்டருக்கு 2 மில்லி’ என்றுதான் விவசாயியிடம் சொல்கிறவர்கள். ஒரே சிபாரிசில் ஒரு வயலுக்கு 240 மில்லி, இன்னொன்றுக்கு 560. பூச்சிக்கும் நோய்க்கும் கூம்பு நாசில், களைக்கு விசிறி நாசில் என்பதைப் பிரித்துக் கையில் கொடுத்தார்கள்.

உரக் கணக்கை வேனிலேயே போட வைத்தது வேடிக்கை, ஆனாலும் பயன். இறவைக் குச்சிக்கிழங்குக்கு வேளாண் பல்கலைக்கழகச் சிபாரிசு எக்டருக்கு தழை, மணி, சாம்பல் சத்து 90:90:240 கிலோ. ஏக்கருக்கு 2.47-ஆல் வகுத்தால் 36:36:97. மணிச்சத்து 36 கிலோவுக்கு டி.ஏ.பி. 78 கிலோ, ஒன்றரை மூட்டைக்குச் சற்று மேல். அதிலேயே தழைச்சத்து 14 கிலோ வந்துவிடும். மீதி 22 கிலோவுக்கு 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்குச் சற்று மேல். சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் 162 கிலோ, மூன்றே கால் மூட்டை. அதில் பாதி அடியுரம், பாதி தொண்ணூறாம் நாள். எக்டரை ஏக்கர் என்று படித்தவர்கள் எட்டு மூட்டை பொட்டாஷ் எழுதியிருந்தார்கள். சிரிப்பு வந்தது. விவசாயி கடையில் நின்று கேட்டிருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

சான்றிதழ் ஒன்று தருகிறார்கள், நல்ல கனமான தாள். உரக்கடை, பூச்சிமருந்துக்கடை உரிமத்துக்கு அது செல்லாது. அதற்குத் தேவைப்படுகிறவர்கள் ஐதராபாத் மேனேஜ் நிறுவனம் 2003-ல் தொடங்கிய ‘டேசி’ பட்டயப் படிப்பைப் பார்க்க வேண்டும். 48 வாரம், 40 வகுப்பு, 8 களப்பயணம். அதை முடித்தவருக்கும் இந்த இரண்டாம் நாள் புதிதாகவே இருக்கும். மண் மாதிரி எடுப்பது மட்டும் போதும் என்கிறவர்கள் 6,500 செலவழிக்க வேண்டியதில்லை. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தின் பயிற்சி அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

பணம் கட்டுமுன் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். குழுவில் இருபது பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. கையேடு தமிழில் வேண்டும், இப்போது தருவது ஆங்கிலம். சுண்ணாம்பு–டோலமைட் பகுதிக்கு முதல் நாள் முற்பகலை ஒதுக்க வேண்டும். முதல் இரண்டையும் யோசிப்பதாகச் சொல்கிறார்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லை. போகும்போது உங்கள் பகுதி மண்வள அட்டை நாலைந்து, ஒரு கைலென்ஸ், பிளாஸ்டிக் பக்கெட், உங்கள் சொந்த பி.எச். மீட்டர் எடுத்துப்போங்கள். பழைய மின்முனையின் லட்சணம் அங்கே தெரிந்துவிடும்.

தேதியில் கவனம் வேண்டும். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் மலைப்பாதையில் வேன் நகராது, மூன்றாம் நாள் பாதியாகும். டிசம்பர், ஜனவரியில் காப்பிப் பழம் பறிக்கிற மும்முரத்தில் எந்தத் தோட்டமும் இருபது பேரை உள்ளே விட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருக்காது. அக்டோபர் கடைசியில் போனால் காப்பியின் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு பறக்கும் பருவம், தண்டில் எழும்பிய வரம்பைத் தடவிப் பார்த்து, பாதித்த செடியைப் பிடுங்கி எரிக்கிற வேலையை நேரில் காணலாம். ஆனால் மழையில் மாவுப்பூச்சி கண்ணில் அதிகம் படாது. பிப்ரவரியில் அது தலைகீழ். எஸ்டேட் ஆட்களுக்கு அக்டோபர், சமவெளிக் களப்பணியாளருக்கு பிப்ரவரி.